கட்டைவிரலில் இருந்த தடிப்பு

என் மகளின் இடது கட்டைவிரலில், மேல் கணுவை ஒட்டி, சிறிய தடிப்பு ஒன்று இருந்தது. குளித்து முடித்ததும் அந்த இடம் மட்டும் வெளுத்து, ஊறி, சுற்றியுள்ள தோலோடு ஒட்டாததுபோல் தெரியும். மேல் முன்பற்கள் நாள்தோறும் அழுத்தி அழுத்தி உண்டான தடிப்பு அது. அவளுக்கு நான்கு வயது முடியும்வரை நான் அதைக் கவனித்ததே இல்லை. விரலை வாயில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், எடு என்று அதட்டியிருக்கிறேன், கையைப் பிடித்து இழுத்தும் விட்டிருக்கிறேன்; அந்த விரலைக் கையில் வாங்கி ஒருமுறையாவது நிதானமாகப் பார்த்ததில்லை.

ஒரு பல் மருத்துவர்தான் அதைக் காட்டினார். பின்பற்களைச் சேர்த்துக் கடித்து உதட்டை விரிக்கும்படி அவளிடம் சொன்னார். பின்பற்கள் பொருந்தி நின்றபோதும் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் தொடவில்லை. நடுவே நீள்வட்டமாக ஓர் இடைவெளி தெரிந்தது. மருத்துவர் அவளுடைய கட்டைவிரலை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. "இன்னும் நேரம் இருக்கும்மா, அவசரப்படாதீங்க" என்றார். நான் அவசரப்பட்டேன். அதன்பின் சில மாதங்கள் நான் செய்த தவறுகளையும், பிறகு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விரல் சூப்புவது பிறந்த பிறகு கற்றுக்கொள்ளும் கெட்ட பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குழந்தை அதைக் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பரும் அவருடைய சகாக்களும் கருவிலிருக்கும் குழந்தைகள் எந்தக் கையின் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்பதை ஸ்கேன் மூலம் பார்த்துக் குறித்து வைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் 75 பேரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மீண்டும் சந்தித்து, 2005 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவில் வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களாகவே வளர்ந்திருந்தார்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். கைப்பழக்கத்தைப் பற்றிய ஆய்வுதான் அது என்றாலும், எனக்கு அதில் வேறொன்று பட்டது. பிறப்பதற்கு முன்பே தன் உடம்பில் கண்டுபிடித்த ஒன்றைத்தான் என் மகள் நான்கு வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பால் குடிக்க வேண்டும் என்பதற்காக அமைந்த உறிஞ்சும் இயல்பு, பால் வராத இடத்திலும் குழந்தையை அமைதிப்படுத்துகிறது. பிறந்த சில நாட்களே ஆன சிசுவின் குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது, சூப்புவதற்கு ஏதேனும் கொடுத்தால் அழுகை குறைவதை மருத்துவமனைகளில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பசி, தூக்கம், பயம், சலிப்பு, கூட்டத்தின் இரைச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த வயதில் குழந்தையிடம் இருக்கும் ஒரே சொந்த மருந்து அதுதான். எப்போதும் கூடவே இருப்பது, யாரிடமும் கேட்க வேண்டாதது, தொலைந்து போகாதது. அதைப் பிடுங்குகிறவர் அது செய்துகொண்டிருந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

அந்தப் பழக்கத்தில் தீமை மட்டுமே இருப்பதாகவும் சொல்ல முடியாது. 1972–73 இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இன்றுவரை பின்தொடரும் நியூசிலாந்தின் டுனீடின் ஆய்வு, 2016 இல் ஒரு செய்தியை வெளியிட்டது. விரல் சூப்புதல், நகம் கடித்தல் இரண்டும் இல்லாத பிள்ளைகளில் 49 சதவீதம் பேருக்குப் பதின்மூன்று வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தது; ஏதேனும் ஒரு பழக்கம் இருந்தவர்களில் அது 40 சதவீதம், இரண்டும் இருந்தவர்களில் 31 சதவீதம். ஆஸ்துமாவிலோ மூக்கில் நீர்வடியும் ஒவ்வாமை நோயிலோ வேறுபாடு தெரியவில்லை. அதனால் யாரும் பிள்ளைகளை விரல் சூப்பச் சொல்லப்போவதும் இல்லை. ஆனாலும், அழுக்கு, கிருமி, அசிங்கம் என்று நான் அவளிடம் கத்திய நாட்களை நினைக்கும்போது இந்த எண்கள் எனக்கு உறைத்தன.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களிடம் கவலைக்குரியது பல்லும் தாடையும்தான். அங்கேயும் சூப்பும் வேகத்தைவிடச் சூப்பும் நேரமே பெரிது. பல்லை நகர்த்துவதற்குப் பெரிய விசை தேவையில்லை. மெல்லிய விசை பல மணி நேரம் தொடர்ந்தால் போதும். பல் சீரமைப்பு மருத்துவர்கள் நாளொன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரத்தை எல்லையாகச் சொல்வதுண்டு. பகலில் எப்போதாவது விரலை வைக்கும் குழந்தையைவிட, இரவு முழுதும் வாயிலேயே வைத்துத் தூங்கும் குழந்தையின் பற்கள் ஏன் அதிகம் மாறுகின்றன என்பது இதனால் விளங்கும். விரல் உள்ளே இருக்கும்போது நாக்கு அண்ணத்தைத் தொடாமல் கீழே இறங்கிவிடுகிறது, கன்னத் தசைகள் இரு பக்கமும் உள்ளே அழுத்துகின்றன, நாக்கின் தாங்கல் இல்லாத மேல் தாடை மெல்லக் குறுகுகிறது. நிரந்தர முன்பற்கள் முளைக்கும் ஆறு வயதுக்கு முன்னால் பழக்கம் நின்றுவிட்டால், முன்பற்களின் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மருத்துவர் நேரம் இருக்கிறது என்றது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நான் முதலில் பிடித்தது வெட்கத்தை. உறவினர்கள் கூடியிருந்த ஒரு நாளில், "இவ்வளவு பெரிய பொண்ணு இன்னும் விரல் சூப்புறா பாருங்க, கேளுங்க மாமா" என்று நானே அவளைக் காட்டிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தாள். பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வெட்கப்பட்ட குழந்தை ஆறுதலுக்கு எங்கே போகும்? அதே விரலிடம்தான்.

அடுத்தது கசப்பு. நகத்தில் பூசுவதற்கென்றே விற்கப்படும் நிறமற்ற திரவம் ஒன்று உண்டு. 1958 இல் ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட டினட்டோனியம் என்ற பொருள் அவற்றில் பலவற்றில் கலந்திருக்கும். மனிதர் அறிந்தவற்றில் மிகக் கசப்பானது அது. முதல் இரவு அவள் விரலை வைத்ததும் முகம் கோணி, துப்பி, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கி, எரிகிறது என்று அலறினாள். இரண்டாம் இரவு தூங்கவே இல்லை. மூன்றாம் இரவு நான் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்: விம்மிக்கொண்டே, துப்பிக்கொண்டே, மறுபடி மறுபடி விரலை வாயில் வைத்துக் கசப்பு தீரும்வரை அவள் சூப்பினாள். அதன்பின் அமைதியாகத் தூங்கிவிட்டாள். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தானே விட விரும்பி, நினைவூட்டல் மட்டும் கேட்கிற பெரிய பிள்ளைக்கு அந்தத் திரவம் உதவலாம். விருப்பமில்லாத நான்கு வயதுக் குழந்தைக்கு அது தண்டனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

கையுறை மாட்டி மணிக்கட்டில் கட்டியும் பார்த்தேன். பல்லால் அவிழ்த்தாள். அதையடுத்து ஒரு மாலை, வீடு முழுதும் தேடி, ஜன்னல் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் விரலை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஆறுதல் தேடும்போது என்னிடம் வராமல் என்னிடமிருந்தே ஒளியும்படி நான் ஆக்கிவிட்டிருந்தேன். அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு மாதம் விரலைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று என் கணவரிடமும் மாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன். மாமியார், "இதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றார், உண்மைதான், சொன்னார்.

அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த ஒரே வேலை, ஒரு நோட்டில் எழுதியது. விரல் வாய்க்குப் போன நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்வியை ஏன் சேர்த்தேன் என்று நினைவில்லை. ஆனால் அதுதான் வழியைத் திறந்தது. நாள் முழுதும் சூப்புகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் பகலில் மூன்றே தருணங்கள்தாம் திரும்பத் திரும்ப வந்தன: பள்ளியிலிருந்து வந்த முதல் அரைமணி, தொலைக்காட்சி பார்க்கும் நேரம், நான் தொலைபேசியில் நெடுநேரம் பேசும் நேரம். நான்காவது, தூக்கம். படம் வரையும்போதோ தண்ணீரில் விளையாடும்போதோ ஒரு தடவைகூட இல்லை. இன்னொரு கை எப்போதும் ஒரே வேலையைத்தான் செய்தது. அவளுடைய பழைய போர்வையின் ஓரத்தில் தைத்திருந்த வழுவழுப்பான பட்டையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. போர்வை கையில் இல்லாதபோது விரலும் பெரும்பாலும் வாய்க்குப் போகவில்லை.

குழந்தைகள் இப்படிப் பிடித்துக்கொள்ளும் போர்வையையும் துணிப்பொம்மையையும் பற்றி, குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த பிரிட்டனின் டொனால்ட் வின்னிகாட் 1951 இல் ஒரு கட்டுரை வாசித்தார். தாயும் தானும் வேறு என்பதை உணரத் தொடங்கும் குழந்தை, அந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளும் பொருள் அது என்றார். அது அழுக்காகி நாறினாலும் தாய் பொறுத்துக்கொள்கிறாள், துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும் என்றும் எழுதினார். நான் ஒருமுறை அந்தப் போர்வையை வாசனைப் பொடி போட்டு வெளுத்துக் கொடுத்தபோது, அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்ல" என்று திருப்பிக் கொடுத்ததன் அர்த்தம் இதைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

ஆகவே போர்வையைப் பறிக்கவில்லை. அதற்கு ஓர் இடம் கொடுத்தேன். போர்வை இனிமேல் கட்டிலில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நீ அங்கே போய் அதோடு இருக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றேன். முதல் வாரம் பத்துத் தடவை போனாள். பிறகு விளையாட்டை விட்டு எழுந்து போவது அவளுக்கே சுமையாகத் தோன்றியது. பள்ளிவிட்டு வந்த அரைமணி நேரம் நான் வேறு எந்த வேலையையும் தொடாமல் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தின் விரல், சொல்லப்போனால், என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பகல் கணக்கு ஒரு மாதத்தில் பாதியானது, விரல் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே.

மீதிப் பாதிக்கு அவளுடைய சம்மதம் தேவைப்பட்டது. ஐந்து வயது ஆகிச் சில வாரங்களில், பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, என் பல்லு ஏன் மூட மாட்டேங்குது?" என்று அவளே கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். பயமுறுத்தவில்லை. விட வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் நான் துணைக்கு இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது.

நாதன் ஏஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973 இல் முன்வைத்த முறை ஒன்று, நகம் கடித்தல் முதல் முகமோ தோளோ தன்னையறியாமல் வெட்டிவெட்டி அசைவது வரை பல பழக்கங்களுக்கு இன்றும் பயன்படுகிறது. அதன் சாரம் எளிது. கை தன்னையறியாமல் போவதை முதலில் அறியப் பழக வேண்டும். அறிந்த கணத்தில், அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து செய்ய முடியாத வேறோர் அசைவைச் சற்று நேரம் செய்ய வேண்டும். நாங்கள் கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொண்டோம். கட்டைவிரல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று அவள் அதற்குப் பெயர் வைத்தாள். நினைவூட்ட நான் வாயைத் திறப்பதில்லை; அவளுடைய மணிக்கட்டை இரண்டு விரலால் தொடுவேன், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் தொலைக்காட்சியின் இருபது நிமிடத்துக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. நாட்காட்டியில் அவளே ஒரு புள்ளி வைத்தாள். தவறிய நாளில் புள்ளி வராது. வைத்த புள்ளியை எக்காரணத்துக்காகவும் அழிப்பதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இரவைக் கடைசிக்கு விட்டோம். தூக்கத்தில் நடப்பதற்குக் குழந்தை பொறுப்பில்லை, ஆகையால் அதற்குப் புள்ளியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. முன்பு பல்லால் அவிழ்த்தெறிந்த அதே மெல்லிய பருத்திக் கையுறையை, இம்முறை அவளே எடுத்து வந்து, கண்ணும் மூக்கும் வரைந்து, மாட்டிவிடச் சொன்னாள். அவள் தூங்கும்வரை வலது கையில் போர்வையின் பட்டை, இடது கையில் என் விரல். அந்த மாதங்களில் என் மாலை நேரம் ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம் அந்த இருட்டறையில் போனது. விரல் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதைக் கையில் எடுத்துச் செய்தபோதுதான் தெரிந்தது.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஒரு காய்ச்சலின்போது மூன்று நாள் முழுதும் விரல் வாயிலேயே இருந்தது. வகுப்பு மாறியபோதும் அப்படித்தான். விடத் தொடங்கியதும் சில நாள் பழக்கம் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்புவதுண்டு. தோற்றுவிட்டோம் என்று பெற்றோர் கைவிடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். சுமார் ஏழு மாதம் ஆயிற்று. ஏழு வயதில் அவளுடைய புதிய முன்பற்கள் மேலும் கீழும் தொட்டுக்கொண்டன. நிரந்தரப் பற்கள் வந்த பிறகும் பழக்கம் தொடரும் பிள்ளைகளுக்கு அண்ணத்தில் கம்பி அமைப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதையும் பிள்ளை விரும்பி ஏற்றால்தான் நன்மை.

ரப்பர் சூப்பான் பழகிய குழந்தைகளின் கதை சற்று எளிது. அது கழற்றி வைக்கக்கூடிய பொருள். முதல் ஆண்டில் தூங்கும்போது சூப்பான் வைத்திருப்பது சிசுக்களின் திடீர் மரண அபாயத்தைக் குறைப்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே அதைப் பரிந்துரைக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அதனால் காதில் தொற்று கூடுவதும் தெரிந்த செய்தி. எனவே முதல் பிறந்தநாளை ஒட்டித் தூக்கத்துக்கு மட்டும் என்று சுருக்கி, பிறகு நிறுத்தலாம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தூங்குவதற்கு முன் தலையை மோதுவதும் உடலை ஆட்டுவதும் ஒரு வயதுக்கு முன்பே தொடங்கிப் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் நின்றுவிடும். பேசிய சொற்கள் மறைந்தாலோ, அழைத்தால் திரும்பாமல் போனாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, முடியைப் பிடுங்கி விழுங்கினாலோ, மண்ணும் சுண்ணாம்பும் தின்றாலோ அது பழக்கத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவரிடம் போக வேண்டும். மண் தின்பதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருப்பது சாதாரணமாகக் காணப்படுவது.

மகளுக்கு இரண்டு வயது இளையவன் என் மகன். அவன் விரல் சூப்பியதே இல்லை. வாசிக்கக் கற்றுக்கொண்ட ஆண்டில் நகம் கடிக்கத் தொடங்கினான். இம்முறை நோட்டை முதலிலேயே எடுத்தேன். அக்காவின் விரல் தூக்கத்தையும் மடியையும் தேடியது. இவனுடைய நகம் கடினமான சொல் வரும் இடத்தில் வாய்க்குப் போனது. இன்னொன்றும் தெரிந்தது. பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு ஓரத்தை மற்றொரு விரல் தடவிக் கண்டுபிடிக்கும். அதைச் சரிசெய்யத்தான் பல் வரும், சரிசெய்த இடம் புதிய பிசிறாகும். ஒருமுறை நகக்கண் சிவந்து வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது. ஆகவே வாரம் இரண்டு முறை அரத்தால் ஓரங்களை மழமழவென்று தேய்த்துவிட்டேன், படிக்கும்போது இடது கையில் பிசைய ஒரு ரப்பர் பந்து கொடுத்தேன்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் என் கணவரும் நகம் கடிப்பவர். இத்தனை ஆண்டுகளில் அது என் கண்ணில் பட்டதே இல்லை, மகன்தான் சொன்னான், "அப்பாவும் கடிக்கிறாரே." அவர் மறுக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: பத்து விரலையும் ஒன்றாகக் காப்பாற்ற முயல வேண்டாம், சுண்டுவிரல்கள் இரண்டை மட்டும் விட்டுவைப்போம், மற்ற எட்டைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்க வேண்டாம். இரவில் இருவரும் விளக்கடியில் கைகளை நீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்களின் விரல்நகமே மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். அதைக் காத்திருந்து பார்ப்பது ஆறு வயதுக்கு நீண்ட நேரம்.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் நகவெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து கையை நீட்டினான். இரண்டு சுண்டுவிரல்களின் நுனியிலும், தோலைத் தாண்டி, நூல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. "மெதுவா வெட்டும்மா" என்றான். "அப்பாவுக்கு இன்னும் வரல."